நகப்பூச்சு ஒட்டாத கண்ணாடி

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஃபேன்ஸி கடையில் உமாராணி மாதம் இரண்டு பாட்டில் நகப்பூச்சு வாங்குவாள். நிறம் பார்க்க மாட்டாள். மூடியைத் திறந்து, சொட்டு கெட்டியாக விழுகிறதா, சீக்கிரம் காய்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். கடைக்காரப் பெண் ஷாரோன் அவளுடைய விரல்களைப் பார்ப்பாள். பத்தும் மொட்டையாக இருக்கும். "யக்கா, வாங்கிட்டுப் போயி யாருக்குத்தான் போடுதீக?" என்று ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள். "கண்ணாடிக்கு" என்றாள் உமாராணி. ஷாரோன் பில்லைப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

உண்மையிலேயே கண்ணாடிக்குத்தான். குற்றாலம் போகிற சாலையில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் உமாராணி லேப் டெக்னீஷியன். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைக்கும் ஸ்லைடு என்ற கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு ரத்தம் விட்டு, மேலே மெல்லிசான இன்னொரு சில்லை மூடி, உள்ளே காற்று போகாமல் நாலு ஓரமும் நகப்பூச்சால் அடைக்க வேண்டும். அதற்கென்று தனிப் பசை விற்கிறார்கள். கல்லூரி வாங்கித் தராது. கேட்டால் "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பார்கள். அந்த அடுத்த வருஷம் வந்தபாடில்லை.

அவளுக்கு ஊர் அச்சன்புதூர், வயல்காட்டுக் குடும்பம். புருஷன் சிவனணைந்தபெருமாள் ஆயுதப்படைப் போலீஸ், மாதத்தில் பாதி நாள் எங்காவது பந்தோபஸ்து. இந்த வேலைக்கு வருமுன் உமாராணி ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருந்தாள். கூட்டம் அதிகமான ஒரு காலையில் முதலாளி, "சின்ன வயசுக்காரங்களுக்கு எல்லாம் நார்மல்னு போட்டு அனுப்பும்மா, எதுக்கு ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டு" என்றார். கையுறையைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்துவிட்டு, பதினோரு மணி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தவள் திரும்பப் போகவில்லை. அப்படிப்பட்டவள் ஒரு வருஷம் ஏமாந்திருந்தாள் என்பதுதான் இந்தக் கதையில் என் வயிற்றெரிச்சல்.

நல்ல ரத்த அணு வட்டமாக, மெத்தென்று இருக்கும். எவ்வளவு சின்ன நாளத்துக்குள்ளும் வளைந்து நெளிந்து போய்விடும். சிலருக்குப் பிறவியிலேயே வேறு மாதிரி. தாய், தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் வந்து சேரும் குறை அது. பிராணவாயு குறைந்ததும் அணு அரிவாள்போல வளைந்து விறைத்துக்கொள்ளும், நாளத்தில் போய்ச் சிக்கும். சிக்கிய இடத்தில் வலி பிய்த்து எடுக்கும். குளிர்ந்த தண்ணீர் ஆகாது, அலைச்சல் ஆகாது, தாகத்தோடு இருக்கக் கூடாது. அரிவாள் அணு நோய் என்று அதற்குப் பேர். மலையடிக் குடியிருப்பு ஒன்றில், மாடத்தியின் மகள் ஜெயபிரியாவுக்கு அது இருப்பதை ஏழு வயதில் ஒரு மருத்துவ முகாமில் கண்டுபிடித்தார்கள். அதுவரை "வேல சொன்னா காலு வலிக்குங்கா" என்று பிள்ளையை எத்தனை தடவை அடித்திருப்போம் என்று மாடத்தி இன்றைக்கும் சொல்லி அழுவாள்.

மாடத்தி சீசன் காலத்தில் ஐந்தருவிப் பக்கம் மங்குஸ்தான் பழம் விற்பவள். தகப்பன்காரன் கேரளாவில் ரப்பர் வெட்டப் போயிருந்தான். ஜெயபிரியா சிறு வயதிலிருந்தே அம்மாவின் பழக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தலையில் எண்ணெய் வழிய அருவிக்குப் போகும் சனத்தையும், நடுங்கிக்கொண்டு சிரித்தபடி திரும்பி வரும் சனத்தையும் பார்த்தே வளர்ந்தாள். எங்கிருந்தோ வந்தவர்கள் எல்லாம் குளித்தார்கள். பக்கத்திலேயே பிறந்தவள், கைக்குழந்தையிலேயே குளிர்ந்த தண்ணீர் பட்டால் வீறிட்டு அழுததால், ஒரு தடவைகூடத் தலையைக் கொடுத்ததில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் கொடுக்கும் கேப்ஸ்யூலை நாள் தவறாமல் சாப்பிட்டு வந்ததால் இரண்டு வருஷமாகப் படுக்கையில் விழாமல் எட்டாம் வகுப்புக்கு வந்திருந்தாள்.

இந்த நிலையில்தான் உமாராணியின் கல்லூரிப் பேராசிரியர் குற்றாலீஸ்வரன் உள்ளே வருகிறார். வெளிநாட்டில் எங்கெங்கோ துவரையிலும் பப்பாளி இலையிலும் சாறெடுத்து அரிவாள் அணுமேல் விட்டுப் பார்த்திருக்கிறார்கள், சில சாறுகள் கண்ணாடிக் குழாய்க்குள் ஏதோ செய்கின்றன என்று படித்துவிட்டு வந்தார். அதில் தப்பில்லை. ஏதோ ஒரு இலையில் மருந்து இருக்கத்தான் கூடும், தேட வேண்டியதுதான். மற்றவர்கள் தண்ணீரிலும் சாராயத்திலும் சாறெடுக்கிறார்கள். இவர் குடும்பத்துக்குக் குற்றாலத்தில் மூன்று தலைமுறையாகத் தைலக் கடை. அருவிக்குப் போகிறவர்கள் மேலுக்குத் தேய்க்கும் எண்ணெய், மூட்டுவலி எண்ணெய், பிடரி எண்ணெய் என்று அலமாரி நிறைய இருக்கும். அந்த ஊரில் மருந்து என்றாலே எண்ணெய்தான். அவரும் துவரை, பப்பாளி இலை, பேர் சொல்ல மறுத்த ஒரு மலை இலை மூன்றையும் நல்லெண்ணெயில் போட்டுக் காய்ச்சித் தைலம் இறக்கினார். அதை உப்புத் தண்ணீரில் குலுக்கி, ஒரு சொட்டை ரத்தத்தோடு கலந்து பார்க்கச் சொன்னார். தைலம் காய்ச்சுவது அவரிடம் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் ஷிஃபாவின் வேலை. ரத்தம் எடுப்பதும், ஸ்லைடு போடுவதும், எண்ணுவதும் உமாராணியின் வேலை.

மாதம் ஒரு தடவை மாடத்தி மகளைக் கூட்டி வருவாள். உமாராணி ஐந்து மில்லி எடுப்பாள். பிராணவாயுவை உறிஞ்சும் ஒரு மருந்தைச் சேர்த்து, மூடி, ஓரம் அடைத்து ஒரு மணி நேரம் வைப்பாள். வெறும் உப்புத் தண்ணீர் கலந்த ஸ்லைடில் நூற்றுக்கு எண்பது அணு அரிவாளாக வளைந்து கிடக்கும். தைலம் கலந்ததில் இருபது தேறாது. மற்றதெல்லாம் வட்டம். முதல் தடவை பார்த்தபோது உமாராணி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். மூன்றாம் மாதமும் அப்படியே வந்தபோது, வெளியே பெஞ்சில் இருந்த ஜெயபிரியாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கச் சொன்னாள்.

"ஏட்டி பிரியா, பாரு. அம்புட்டும் உன் ரத்தம்தான். எப்படி உருண்டை உருண்டையா கெடக்கு பாத்தியா?"

"பெரியம்மா, அப்போ நான் அருவியில குளிக்கலாமா?" அந்தப் பிள்ளை கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"பொறு, பொறு. கொஞ்ச நாளு போவட்டும்" என்றாள் உமாராணி. முடியாது என்று சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் அவளுக்கே அந்த ஆசை வந்துவிட்டது.

வருஷம் முடியுமுன் கட்டுரை ஒன்று அச்சானது. பேராசிரியர் சும்மா இருப்பாரா? காலையும் மாலையும் ஒரு கரண்டி குடிக்கும்படி தைலத்தை பாட்டிலில் ஊற்றி மாடத்தியிடம் கொடுத்தார். "ரெண்டும் சேந்தா ஒண்ணை ஒண்ணு முறிச்சுரும், கேப்ஸ்யூலை நிறுத்திப் பாருங்க" என்று போகிற போக்கில் சொன்னார். ஒரு டாக்டரைக் கேட்டிருப்பாரா? இல்லை. அது நடந்து இரண்டு மாதம் ஆன பிறகே உமாராணிக்குத் தெரிந்தது. தெரிந்தபோதும், கட்டுரையே வந்துவிட்டது, சாருக்குத் தெரியாததா என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு ஆறவில்லை.

ஜூன் பிறந்தது. சாரல் விழுந்து அருவி கொட்ட ஆரம்பித்தது. சீசனோடு சேர்த்துத் தைலத்தைக் கடையில் இறக்கிவிடுவது என்று முடிவானது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தருவியில் ஜெயபிரியா குளிப்பாள், அதை வீடியோ எடுத்துப் போடுவார்கள். பிறந்ததிலிருந்து அருவியில் கால் நனைக்காத பிள்ளை தைலத்தால் குளிக்கிறாள் என்றால் கடையில் கூட்டம் தாங்குமா? பேராசிரியரே பிள்ளைக்குப் புதுச் சுடிதார் எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். கண்ணாடிச் சில்லைக் கழுவித் திரும்பத் திரும்ப உபயோகிப்பது அந்தக் கல்லூரியின் வழக்கம். எல்லா ஸ்லைடையும் சோப்புத் தண்ணீரில் போட்டு, ஓரத்து நகப்பூச்சை பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தாள் உமாராணி. உப்புத் தண்ணீர் ஸ்லைடுகளைச் சுரண்டி முடிப்பதற்குள் விரல் வலித்துவிடும். தைல ஸ்லைடுகளுக்கு பிளேடே வேண்டாம். தண்ணீரில் போட்டதும் பூச்சு தோலாகக் கழன்று மிதக்கும். ஒரு வருஷமாக அவற்றைக் கடைசியில் கழுவ வைத்துக்கொண்டு, சுலபமாகப் போகிறதே என்று சந்தோஷப்பட்டிருந்தாள். அன்றைக்கு மிதந்த பூச்சு ஒன்றை விரலில் எடுத்தவளுக்குக் கை நின்றுவிட்டது.

தண்ணீரில் போடுமுன்பே அது ஒட்டியிருந்ததா?

எண்ணெய்க் கையோடு பொட்டு வைத்தால் நிற்குமா? எண்ணெய் பட்ட கண்ணாடியில் நகப்பூச்சு எப்படி நிற்கும்? நிற்கவில்லை என்றால் ஓரம் அடைபடவில்லை. அடைபடாவிட்டால் காற்று உள்ளே போயிருக்கும். காற்று போனால் பிராணவாயு போகும். பிராணவாயு போனால், வளைந்த அணு எந்தத் தைலமும் இல்லாமலே மறுபடியும் வட்டமாகிவிடும்.

முந்தின நாள் எடுத்த ரத்தம் குளிர்பெட்டியில் இருந்தது. உமாராணி தன் டிபன் டப்பாவைத் திறந்தாள். இட்லிப் பொடிக்கு ஊற்றிய நல்லெண்ணெய் ஓரத்தில் தேங்கி நின்றது. பொடி கலக்காமல் மேலாக அதில் ஒரு சொட்டு எடுத்து, உப்புத் தண்ணீரில் குலுக்கி, தைலத்துக்குச் செய்வதுபோலவே அத்தனையும் செய்தாள். இன்னொரு ஸ்லைடில் தைலமே விட்டு, ஓரத்தை ஸ்பிரிட்டால் எண்ணெய் போகத் துடைத்து, பூச்சு அடித்து, காய்ந்ததும் மறுபடி ஒரு தடவை அடித்தாள். ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இட்லி எண்ணெயில் அணுக்கள் வட்ட வட்டமாகக் கிடந்தன. ஒழுங்காக அடைத்த தைல ஸ்லைடில் அரிவாள் எண்பத்து மூன்று. திரும்பச் செய்தாள். சாயந்திரத்துக்குள் பதினோரு ஸ்லைடு போட்டுவிட்டாள். பதினொன்றும் அதையே சொல்லின. அச்சன்புதூர் மில்லில் ஆட்டிய நல்லெண்ணெய்க்கு அரிவாள் அணு நோய் குணமாகிறது என்றால் ஊரில் எவனுக்கும் எந்த நோயும் இருக்கக் கூடாது. அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

பேராசிரியர் அறையில் ஷிஃபாவும் இருந்தாள். உமாராணி சொல்லி முடிக்கும் வரை அவர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"உமாம்மா, ஒரு ஸ்டெப்ல சின்ன ப்ராப்ளம்னா மொத்த வேலையும் தப்பாயிருமா?"

"அந்த ஸ்டெப்தான் சார் மொத்த வேலையும். வெறும் எண்ணெய வச்சு ஒரு தடவையாவது பாத்திருக்கணும். நீங்களும் சொல்லல, நானும் கேக்கல."

"சரி, பாக்கலாம். சண்டே முடியட்டும்."

"சண்டே அந்தப் பிள்ள தண்ணியில இறங்கப் போறா சார்! குளிர்ந்த தண்ணி பட்டா என்ன ஆவும்னு உங்களுக்குத் தெரியாதா? கேப்ஸ்யூலும் இல்லாம கெடக்கா."

"ஒரே ஒரு நிமிஷம் நனையப் போறா. அவளே ஆசைப்படுறா. அவ சந்தோஷத்தைக் கெடுக்கணுமா?"

ஷிஃபா தலையைத் தூக்கவே இல்லை. அவளுடைய மூன்று வருஷப் படிப்பு அந்த எண்ணெயில்தான் மிதந்துகொண்டிருந்தது. உமாராணி வாசலுக்கு வந்த பிறகு பின்னாலேயே ஓடி வந்து, "அக்கா, நீங்க சொல்லுறது சரின்னுதான் எனக்கும் படுது. நான் என்ன செய்ய?" என்றாள். உமாராணிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. இருந்த கோபமெல்லாம் அறைக்குள் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தவர் மேலும் தன் மேலும்தான்.

சனிக்கிழமை காலையில் மலையடிக் குடியிருப்புக்குப் போனாள். மாடத்தி கூடையில் பழத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள். கதவோரத்தில் புதுச் சுடிதார் தொங்கியது. உமாராணி சுற்றி வளைக்காமல் சொன்னாள். தைலத்தில் ஒன்றுமில்லை, நாங்கள் போட்ட ஸ்லைடு தப்பு, பிள்ளை அருவிக்குப் போகக் கூடாது, கேப்ஸ்யூலை டாக்டரைக் கேட்டு உடனே ஆரம்பிக்க வேண்டும்.

மாடத்தி கையிலிருந்த பழத்தைக் கூடையில் வைத்தாள்.

"என் பிள்ள ஒடம்புல ரத்தமே எட்டு பாயிண்டுதான்னு ஆஸ்பத்திரியில சொல்லுதாக. அதுல மாசாமாசம் எடுத்தீகளே யக்கா. ஒரு வருசமா எடுத்தீகளே. எதுக்கு எடுத்தீக?"

ஐந்து மில்லியால் ஒன்றும் ஆகாது என்று புத்தகத்தில் இருக்கும். அதைச் சொல்ல உமாராணிக்கு வாய் வரவில்லை.

"நாங்க படிக்கலதான். படிச்சவுக நீங்க சொன்னா நம்பினோம். அந்தச் சார் மட்டும் சொல்லியிருந்தா நான் கேப்ஸ்யூல நிறுத்தியிருக்க மாட்டேன். நீங்க மிசின்ல காட்டுனீகன்னு பிள்ள வந்து சொன்னா. அதுக்காவத்தான் நிறுத்துனேன்."

உள்ளேயிருந்து ஜெயபிரியா வெடித்தாள். "பொய் சொல்லுதீக பெரியம்மா! நானே பாத்தேன், உருண்டையாத்தான் இருந்துச்சு! நாளைக்கு நான் போவேன்!" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். வரும்போது கதவுநிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அடுத்த அடிக்குச் சுவரைப் பிடித்தாள். உமாராணி அவள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தாள்.

"எத்தன நாளா வலிக்கு?"

பிள்ளை அந்தக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

"எத்தன நாளாட்டி?"

"மூணு நாளு" என்று சொன்னதும் அவளுக்கு முகம் கோணிவிட்டது. "சொன்னா அருவிக்கு விட மாட்டீக."

பத்து நிமிஷத்தில் ஆட்டோ வந்தது. போகிற வழியெல்லாம் பிள்ளை உமாராணி மடியில் காலைப் போட்டுக்கொண்டு, வலி வரும்போதெல்லாம் அவள் கையைக் கிள்ளியது. பெரிய ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றி, வலிக்கு ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்தார்கள். யார் மாத்திரையை நிறுத்தச் சொன்னது என்று டாக்டர் அம்மா சத்தம் போட்டார். உமாராணி தான்தான் என்பதுபோலத் தலையைக் குனிந்து நின்றாள். ஒரு நாள் தாமதித்து, அந்தக் காலோடு ஐந்தருவித் தண்ணீரில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் அம்மா சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு போன் அடித்தது. பேராசிரியர்.

"உமாம்மா, மாடத்தி வீட்டுல யாரையும் காணோமே? தண்ணி அளவா விழுது, வெளிச்சம் நல்லா இருக்கு. கேமராக்காரர் காத்துக்கிட்டிருக்காரு."

"பிள்ள ஆஸ்பத்திரியில கெடக்கா சார். டிரிப்ஸ் ஏறுது."

"ஐயோ. சரி, அப்போ குளியல் வேண்டாம். தைல பாட்டிலைக் கையில பிடிச்ச மாதிரி ஒரு போட்டோ மட்டும் எடுத்து அனுப்புங்க. டிரிப்ஸ் தெரியாம."

எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டானா அந்த மனுஷன்? இனி அந்த ஆளுக்கு மரியாதை விகுதி போட்டுப் பேச என்னால் முடியவில்லை.

"டிரிப்ஸ் தெரியுற மாதிரி எடுத்து அனுப்புதேன் சார். கடை வாசல்ல பெருசா மாட்டுங்க."

அந்தப் பக்கம் குரல் மாறியது. "பாத்துப் பேசுங்க. ஓரம் அடைச்சது யாரு? நான் இல்ல. வெளியில வந்தா டெக்னீஷியன் தப்புன்னுதான் வரும். உங்க வேலைதான் போகும்."

"ஆமா சார், என் தப்புதான். அதை நானே எழுதித் தாரேன். ஆனா அது என் தப்புன்னா உங்க மருந்தும் தப்புதானே? ரெண்டையும் ஒரே தாள்லதான் எழுதுவேன்."

போனை வைத்துவிட்டு, வார்டிலேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். கட்டுரையை அச்சிட்ட பத்திரிகைக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று, பணம் கொடுத்த ஆராய்ச்சிக் குழுவுக்கு ஒன்று. இங்கிலீஷில் தப்பு வரும் என்று தெரிந்தும் எழுதினாள். பதினோரு ஸ்லைடின் எண்ணிக்கையையும் எழுதினாள். கேப்ஸ்யூல் நிறுத்தப்பட்டது தெரிந்தும் தான் பேசாமல் இருந்ததையும் எழுதினாள். மாடத்தி பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் புரியாவிட்டாலும் பேனா போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாசிச்சுக் காட்டுங்க" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. உமாராணி தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். 'மாதிரி எண் ஒன்றின் ரத்தத்தில் செய்த சோதனைகள்' என்ற இடம் வந்தபோது ஜெயபிரியா நிறுத்தினாள்.

"மாதிரி ஒண்ணுன்னா யாரு?"

"நீதான். கட்டுரையில அப்படித்தான் போட்டிருக்கு."

"அருவியில நிக்கதுக்கு மட்டும் என் மூஞ்சி வேணும். இதுல மாதிரி ஒண்ணா?" பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. "அதை அடிங்க. என் பேரை எழுதுங்க."

உமாராணி மாடத்தியைப் பார்த்தாள். "எழுதுங்க யக்கா" என்றாள் மாடத்தி.

மூன்றிலும் அந்த 'மாதிரி ஒன்று' என்பதைக் குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டு, உமாராணி பேனாவைப் பிள்ளையிடமே நீட்டினாள். வலது கையில் ஊசி குத்தியிருந்தது. ஜெயபிரியா பேனாவை இடது கையில் வாங்கி, கோணல்மாணலாக, மூன்று கடிதத்திலும் தன் பேரையும், கீழே ஒன்பதாம் வகுப்பு என்றும் எழுதினாள்.